சுவர்ப் பக்கத்துக் குட்டி

அக்கா இறந்த பிறகு அத்தானுக்குச் செடி வளர்க்கத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பு அந்த வீட்டில் அவர் அறிந்திருந்த ஒரே பச்சை, தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் கீரைதான். பன்னிரண்டு தொட்டிகள் அக்காவின் கையால் வளர்ந்தன. அவற்றில் பதினொன்று அவள் போன ஒன்றிரண்டு மாதங்களில் தண்ணீர் இல்லாமல் செத்தன. பன்னிரண்டாவதை மட்டும் அவர் கவனித்துக் கொள்ள ஆரம்பித்தார். அதுதான் அதற்கு வந்த கேடு.

அது புரோமிலியாட். அன்னாசிக்கு உறவு. நீளமான பட்டை இலைகள் அடுக்கடுக்காக வட்டமாய் விரிந்திருக்கும். நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. தண்ணீரை அந்தக் குழியில்தான் விட வேண்டும். குழியிலிருந்து ஒரு தண்டு எழும்பி உச்சியில் சிவப்பாகப் பூக்கும். பூ என்றால் நாம் நினைக்கிற பூ இல்லை, மெழுகில் செய்தது போலிருக்கும், மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அக்கா அதைச் சீமாட்டி என்று கூப்பிடுவாள்.

"அன்னாசியோட பணக்காரச் சொந்தம்டி இது. பழமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆனா தோரணையப் பாரு, வீடே இவ பேர்ல இருக்கற மாதிரி."

அவள் படுத்துவிட்ட பிறகுதான் அந்தப் பூ வந்தது. கட்டிலிலிருந்து கூடத்து மூலை தெரியும்படி கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தாள். ஒருநாள் நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுச் சொன்னாள். இந்தச் செடி ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூ காய்ந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிட வேண்டும். பிறகு தாய்ச் செடி மெல்ல மெல்லச் சாகும், அதை யாரும் தடுக்க முடியாது. சாவதற்கு முன் அடியில் குட்டிகள் விடும். குட்டி தாயின் மூன்றில் ஒரு பங்கு உயரமாவது வளர வேண்டும், அதற்குள் பிரித்தால் வேர் இருக்காது, பிழைக்காது. வளர்ந்ததும் நல்ல கத்தியால் வேரோடு சேர்த்து அறுத்து வேறு தொட்டியில் வைக்க வேண்டும்.

"ஒண்ணு உனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

"அத்தான்கிட்டயும் சொல்லி வை அக்கா."

"அவர்கிட்ட ஒண்ணு சொன்னா அவர் எனக்கு ஒன்பது சொல்லுவார். தெம்பு இல்லடி."

அவர் அப்படிப்பட்டவர்தான். குளியலறைச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் ஷோரூம் மேனேஜர். குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீருக்கும் விளக்கம் சொல்வார். பிழை திருத்தும் வேலை பார்க்கும் என்னை யாருக்காவது அறிமுகம் செய்தால், "இது நம்ம மச்சினி. எங்கடா தப்பு கிடைக்கும்னு தேடறதுதான் இவளுக்குச் சம்பளம்" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவரைப் பொறுத்துக்கொண்டேன்.

அக்கா போனாள். பூ நின்றது. துக்கம் கேட்க வந்தவர்களை அத்தான் அந்த மூலைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அவள் போன அன்று பூ இன்னும் சிவந்தது என்றார். அது சிவக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு அம்மாள் ஒவ்வொரு முறையும் அதன் முன் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க எங்கயும் போகலை சார், இங்கதான் இருக்காங்க" என்பார். அத்தான் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொள்வார், அவருக்கு ஏதோ பரிசு கொடுத்துவிட்டது போல. அக்கா அங்கே இருந்திருந்தால் அந்த அம்மாளைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுதக் கூடியது அல்ல.

மழைக்காலம் முடிந்தபோது பூ ஓரங்களில் பழுப்பாகத் தொடங்கியது. நான் சொன்னேன். இதை வெட்டிவிட வேண்டும் அத்தான், அக்காவே சொன்னாள் என்றேன். நான் ஏதோ பிணத்தின் கையிலிருந்து மோதிரத்தைக் கழற்றச் சொன்னது போல அவர் என்னைப் பார்த்தார்.

"அவளோட கடைசிப் பூ. உனக்கு எப்படி மனசு வருது?"

"பூ முடிஞ்சிடுச்சு அத்தான். இனிமே குட்டிதான்."

"நான் எல்லாம் பாத்துட்டேன், படிச்சுட்டேன். குட்டியெல்லாம் தாயோட சத்தை உறிஞ்சறது. ரோஜாக்கும் அப்படித்தான். அடியில வர்றதைக் கிள்ளிக்கிட்டே இருந்தா தாய் நிக்கும்."

ரோஜா வேறு, இது வேறு என்றேன். அவர் ரோஜாவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அப்போதே அடியில் தலைகாட்டியிருந்த இரண்டு குட்டிகளையும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரலால் ஒடித்தார். விரல் நீளம் கூட இல்லை. 'டக்' என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவற்றை எடுத்துப் பார்த்தேன், ஒரு வேர் இல்லை. அவற்றையும் அவர் விளக்கத்தையும் ஒன்றாகக் குப்பையில் போட்டிருக்கலாம். குட்டிகளை மட்டும் போட முடிந்தது.

அதற்குப் பிறகு நான் பேசுவதை விட்டுவிட்டேன். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. அது அவர் வீடு, அவர் மனைவி, அவர் செடி.

அவருடைய கத்தரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இலை நுனி காய்ந்தால், இலையின் வடிவத்தை ஒட்டிச் சாய்வாகக் கூராக்கி வெட்டினால் வெட்டியதே தெரியாது. அக்கா அப்படித்தான் செய்வாள். அத்தான் எல்லா இலைகளையும் ஒரே உயரத்தில், நேர்க்கோட்டில், ஓடு பதிக்கிறவர்போல வெட்டினார். வட்டமாய் விரிந்திருந்த சீமாட்டி, பள்ளிக்கூடப் பையில் திணித்த அடிக்கோல்கள் மாதிரி ஆனாள். வெட்டிய இடம் மறுபடி பழுக்கும், மறுபடி வெட்டுவார். செடி வாரா வாரம் குட்டையானது. ஒழுங்கு வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்.

அடுத்தது பூ. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அது மறுபடி சிவப்பாக இருந்தது. ஒரு விநாடி நானே நம்பிவிட்டேன். கிட்டே போனேன். நெயில் பாலிஷ். அக்காவுடையது. காய்ந்துபோன ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாகப் பூசியிருந்தார். பீங்கான் குளியல் தொட்டியில் கீறல் விழுந்தால் ஷோரூமில் வெள்ளை நெயில் பாலிஷ் தொட்டு மறைத்துவிடுவார்களாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாதாம். அந்தத் தொழில் ரகசியத்தை எனக்குப் பெருமையோடு சொன்னார். வழிந்த இடங்களை, பாலிஷை அழிக்கும் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்ததாகவும் சொன்னார். துடைத்தது போக மிச்சமெல்லாம் நடுக்குழியில் இறங்கியிருந்தது. குழித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒன்று மினுங்கியது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"பளபளன்னு இருக்கு அத்தான்," என்றேன். பொய் இல்லை.

அன்றைக்குத்தான் அந்தக் குட்டியைப் பார்த்தேன். மேலே பார்க்கச் சகிக்காமல் குனிந்தபோது, தொட்டிக்குப் பின்னால், சுவர்ப் பக்கம், ஒரு இலைக்கு அடியிலிருந்து வெளிறிய பச்சையில் ஒன்று எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் அளவு. ஜன்னலும் சுவரும் சேரும் மூலை அது, வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அத்தான் அதைப் பார்த்திருக்கவில்லை, பார்க்கவும் மாட்டார். முப்பது வருடமாக ஷோரூமில் நின்றவர். எந்தச் சாமானுக்கும் ஒரு முகப்பக்கம் உண்டு, அது வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும், பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. அவர் வீட்டு அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். சீமாட்டியையும் அப்படித்தான் வைத்திருந்தார், சோபாவைப் பார்த்து. ஒருநாளும் திருப்பியதில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் அது மூன்றில் ஒரு பங்கு வளரும் வரை யாரும் அந்தத் தொட்டியைத் திருப்பாமல் இருப்பதுதான்.

அதனால் ஞாயிறுதோறும் போனேன். அக்கா உயிரோடு இருந்தபோது கூட அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை. அத்தானுக்கு ஒரே பூரிப்பு. மச்சினிக்குத் தன்மேல் மரியாதை வந்துவிட்டது என்று மாடி வீட்டு அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். நான் சோபாவில் உட்கார்ந்து, துக்கம் என்றால் என்ன, ஆண்கள் ஏன் அழுவதில்லை, தான் ஏன் அழுதார், எந்தெந்த நாட்களில், எந்த அறையில் என்பதையெல்லாம் கேட்டேன். மண்ணைப் பற்றி, உரத்தைப் பற்றி, அன்பைப் பற்றி. அவர் காபி போட உள்ளே போகும்போது எழுந்து மூலைக்குப் போவேன். கைக்குட்டையில் மறைத்துக் கொண்டுபோன சின்னக் கரண்டியால் குட்டியின் குழியில் மட்டும் சுத்தமான தண்ணீர் விடுவேன். பால் பொங்குகிற சத்தம் கேட்டதும் சோபாவுக்கு வந்துவிடுவேன். அவர் போடுகிற காபியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதைக் குடித்தேன் என்பதே போதும்.

ஒரு வாரம் அவர் பால் பொங்குவதற்கு முன்பே திரும்பி வந்து எதிரே நின்றார்.

"செடிகிட்ட என்ன பண்றே?"

"பேசிட்டிருந்தேன் அத்தான்."

அவர் கண் கலங்கியது. "பேசு, பேசு. நானும் பேசுவேன்," என்று சொல்லி உள்ளே போய்விட்டார். இதைவிட மலிவாக ஒருவரை ஏமாற்ற முடியாது. எனக்கு வெட்கமாகக் கூட இல்லை, அலுப்பாக இருந்தது.

குட்டி வளர்ந்தது. தாய் அழுகியது. நடுவில் ஒரு இலையை லேசாக இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது, அடிப்பக்கம் பழுப்பாய்க் குழகுழவென்று. பாலிஷும் ரிமூவரும் செய்த வேலை. அழுகல் கீழே இறங்கினால் குட்டியையும் பிடிக்கும். இப்போதே அறுத்தால் வேர் போதாது, விட்டால் அழுகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதனிடம் உண்மையிலேயே பேசத் தொடங்கியிருந்தேன். மண்ணைச் சுண்டுவிரலால் விலக்கிப் பார்த்தபோது கம்பி மாதிரி ஒரு வேர் தட்டுப்பட்டது. அடுத்த மாதம் என்று முடிவு செய்தேன்.

அத்தான் அடுத்த மாதம் வரை விடவில்லை. அக்கா இறந்து ஒரு வருடம் ஆகிறது என்று ஆட்களை அழைத்தார். அவருடைய கடையிலிருந்து ஏழெட்டுப் பேர், மாடி வீட்டு அம்மாள், நான். கூடத்தின் நடுவில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதில் அக்காவின் படம். அவளுக்குப் பிடிக்காத படம். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, ஏதோ திரை விலக்கப் போகிறவர்போல மூலைக்குப் போய், சீமாட்டியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கடைக்காரர்கள் நாலு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் முறையாக அந்தச் செடிக்குப் பின்பக்கம் என்று ஒன்று வந்தது.

"அட, இங்க ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டிருக்கு சார்," என்றார் ஒருவர்.

அத்தான் குனிந்து பார்த்தார். சிரித்தார். "திருட்டுப்பய. இத்தனை நாளா பின்னாடி உக்காந்து உறிஞ்சிருக்கான். அதான் இவ வாடிட்டா." மேசை இழுப்பறையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார்.

நான் எழுந்துபோய்க் குட்டியைக் கையால் மூடிக்கொண்டேன்.

"கையை எடும்மா. வெட்டிடப் போறேன்."

"எடுக்க மாட்டேன்."

"என்ன இது, எல்லார் முன்னாடியும்."

"அத்தான், அக்கா செத்துட்டா. இந்தப் பூவும் செத்து ரொம்ப நாளாச்சு. இந்தத் தொட்டியில உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான். இதைத்தான் வெட்டப் போறீங்க."

மாடி வீட்டு அம்மாள், அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா, அவர் மனசு என்ன பாடுபடும் என்று ஆரம்பித்தார். இன்னொரு கையால் சிவப்புப் பூவைத் தண்டோடு பிடித்து மேலே தூக்கினேன். இழுக்கக் கூட வேண்டியிருக்கவில்லை. தண்டோடு நடு இலைகள் ஒரு கொத்தாகக் கழன்று வந்தன. அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வெள்ளைத் துணியில் கொட்டிப் படத்தின் சட்டம் வரை ஓடியது. அழுகல் நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. மாடி வீட்டு அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். யாருடைய மனசையும் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை. கடைக்காரர்களில் ஒருவர், தொழில் பழக்கம் போலும், எழுந்து படத்தை நகர்த்தி, வழிந்த தண்ணீரைத் துணியின் ஓரத்தால் ஒற்றினார்.

அத்தான் கையில் கத்திரிக்கோலோடு நின்றார். அவர் ஒன்றும் விளக்காமல் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கையில் இருந்த பூவைப் பார்த்தார். காய்ந்த மடல்களில் சிவப்பு அங்கங்கே உரிந்திருந்தது.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

"ரொட்டி வெட்டற கத்தி வேணும். தொட்டியைப் பிடிச்சுக்கணும்."

சமையலறைக்குத் தொட்டியைக் கொண்டுபோனோம். கூடத்தில் பேச்சுச் சத்தம் மெல்ல மறுபடி எழுந்தது. எங்களைப் பற்றித்தான் இருக்கும். கத்தியைக் கொதிக்கும் நீரில் கழுவினேன். மண்ணை விலக்கிக் குட்டி தாயோடு ஒட்டியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, வேர் குட்டியின் பக்கம் வரும்படி கத்தியை வைத்தேன். அவர் இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். நன்றாகத்தான் பிடித்தார், ஒரு அசைவு இல்லை. மரம் அறுப்பது போல மெல்ல அறுத்தேன். குட்டி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. வேர் நான் நினைத்ததைவிடக் குறைவு. அறுத்த இடம் வெள்ளையாக, அழுகல் படாமல் இருந்தது.

ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, நான் ஏதாவது சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் குடித்த காபி சும்மா இருக்க விடவில்லை.

"நெயில் பாலிஷ் அத்தான். செடிக்கு. யாராவது செய்வாங்களா?"

அவர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நன்றாகக் கழுவினார்.

"அவளுக்கு நான்தானே போட்டுவிடுவேன்," என்றார். "கடைசியில கை நடுங்குச்சு இல்ல. நகம் மட்டும் நல்லா இருக்கணும்னுவா. நீ வர்ற நாளுக்கு முந்தின நாள் போடச் சொல்லுவா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

எனக்குத் தெரியாது. அவள் நகங்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி வாரம் வரை சிவப்பாக, ஓரம் பிசகாமல் இருந்தன. இவ்வளவு முடியாதபோதும் தானே போட்டுக்கொள்கிறாளே என்று நினைத்து, அவள் உறுதியை மனத்துக்குள் மெச்சிக்கொண்டிருக்கிறேன். அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றிச் சிரிக்க வேண்டியதையெல்லாம் சொன்னாள். இதைச் சொல்லவில்லை.

நான் துணியின் முடிச்சை இறுக்கினேன். ஒருவரைப் பற்றி இப்படி ஒரு விஷயம் தெரிந்த பிறகு அவரை மன்னித்துவிட வேண்டும் என்று கதைகளில் வரும். எனக்கு அப்படி வரவில்லை. ஒடிந்த இரண்டு குட்டிகளும் ஒடிந்தவைதான். பதினொரு தொட்டிகளும் செத்தவைதான். அவர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், யாருக்கும் சொல்லாமல், விளக்காமல். அந்த ஒன்றைப் போலவே ஏன் எல்லாவற்றையும் செய்யக் கூடாது என்றுதான் கோபம் வந்தது.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். வந்தவர்களை வீட்டில் விட்டுவிட்டு. நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தேன், குட்டியை வைத்த பை என் மடியில் இருந்தது.

"இது பூத்தா மறுபடி குட்டி வருமா?"

"வரும். ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"அப்ப எனக்கு ஒண்ணு குடுப்பியா?"

அவர் சட்டைக் கையில் ஒரு பழுப்புக் கறை இருந்தது, நாற்றம் அடித்தது. அவருக்குத் தெரியவில்லை.

"கத்திரிக்கோலைத் தொட மாட்டேன்னு சொன்னா, தரேன்."

அவர் தலையாட்டினார். சரி என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்திருக்கும். ஆனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பு கத்திரிக்கோல் மேல இல்லம்மா, அது பேப்பர் வெட்டற ரகம், செடிக்குன்னே தனியா வருது, எஃகு வேற, பிடி வேற என்று ஆரம்பித்துவிட்டார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே இன்னும் கையை அசைத்து அசைத்துப் பேசிக்கொண்டிருந்தார், பிடி எப்படி இருக்க வேண்டும் என்று விரல்களால் காட்டிக்கொண்டு. கண்ணாடி மூடியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். மடியிலிருந்த பையை, வேர் இருந்த பக்கம் நசுங்காதபடி, கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.